கைதட்டலா, கண்ணீரா? - புனித அகுஸ்தினாரும் சொல்வன்மையும்



பேச்சு மனிதனை மாற்றுகிறது. விற்க வந்தவர் நயமாகப் பேசினால் நமக்குத் தேவையில்லாத பொருளும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மேடையில் ஒருவர் முழங்கினால், நேற்றுவரை உறவாக இருந்த அடுத்த வீட்டுக்காரர் இன்று எதிரியாகத் தெரிகிறார். அதே பேச்சுதான் பிரிந்துபோக நின்ற கணவன் மனைவியைச் சேர்த்து வைக்கிறது. வாழ்வே வேண்டாம் என்று முடிவெடுத்தவரைத் தடுத்து நிறுத்துகிறது. கேட்பவரின் மனத்தை இணங்க வைக்கும் இந்தச் சொல்வன்மை கடவுளின் கொடையா, ஏமாற்றுக்காரரின் கருவியா? உண்மையை அறிவிக்கும் கடமை உள்ள நாம் இதைப் பயன்படுத்தலாமா?

இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஹிப்போ நகர ஆயர் புனித அகுஸ்தினார். ஆகஸ்ட் 28ஆம் நாள் நாம் அவரைக் கொண்டாடும்போது, தாய் மோனிக்காவின் கண்ணீரையும் மகனின் மனமாற்றத்தையும் நினைக்கிறோம். ஆனால் அவருடைய தொழில் என்ன என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர் நாவன்மை ஆசிரியர். கேட்பவரை மயக்கி இணங்க வைக்கும் கலையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கூலி பெற்றவர். தம்மைச் சொற்களை விற்ற வணிகர் என்றே பிற்காலத்தில் அவர் கருதினார்.

பேச்சுக்குப் பரிசு பெற்ற சிறுவன்

அகுஸ்தினார் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அல்ஜீரியா நாட்டில் சூக் அராஸ் என்று அழைக்கப்படும் ஊர் அது. தந்தை பத்ரிசியுஸ் சிறிதளவு நிலமும் ஊர் மன்றத்தில் ஓர் இடமும் உடையவர். மகனைப் படிக்க வைத்துப் பெரிய ஆளாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அக்கால உரோமைப் பேரரசில் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை பதவிக்கு வர இருந்த ஏணி நாவன்மைக் கல்விதான். நீதிமன்றத்தில் வாதாடவும், ஆளுநர் முன் பேசவும், அரசரைப் புகழவும் தெரிந்தவன் உயர்ந்துவிடுவான்.

பள்ளியில் ஒரு போட்டி. வெர்ஜில் எழுதிய காப்பியத்தில் யூனோ தேவதை சினத்தோடு பேசும் பகுதியை மாணவர்கள் உரைநடையாக மாற்றிப் பேச வேண்டும். யார் அந்தச் சினத்தை உண்மைபோல் காட்டுகிறாரோ அவருக்கே பாராட்டு. அகுஸ்தினார் மற்ற எல்லாரையும் விட அதிகக் கைதட்டல் பெற்றார். பிற்காலத்தில் தம் ‘அறிக்கைகள்’ நூலில் இதை நினைவுகூரும்போது, அந்தப் பாராட்டெல்லாம் வெறும் புகையும் காற்றும்தானே என்று அவர் வருந்துகிறார். இலத்தீன் சொல் ஒன்றைத் தவறாக உச்சரித்தால் வெட்கப்படும் மனிதர், மற்றொரு மனிதனை வெறுப்பதற்கு வெட்கப்படுவதில்லையே என்றும் அவர் வேதனைப்படுகிறார்.

கார்த்தேஜ் நகரில் மேற்படிப்பு. 19ஆம் வயதில் சிசெரோவின் ‘ஹொர்தென்சியுஸ்’ என்ற நூலைப் பாடத்திற்காகப் படித்தார். நடையழகைக் கற்க எடுத்த நூல், ஞானத்தின்மீது தீராத தாகத்தை மூட்டியது. அதே வேகத்தில் விவிலியத்தைத் திறந்தார். ஆனால் சிசெரோவின் கம்பீரமான இலத்தீனுக்குப் பழகிய காதுக்கு, விவிலியத்தின் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு நாட்டுப்புறத்தார் பேச்சாகத் தெரிந்தது. மூடி வைத்துவிட்டார். அழகாகச் சொல்லப்படாதது உண்மையாக இருக்க முடியாது என்பது அவருடைய எண்ணம். அழகாகப் பேசிய மனிக்கேயர் என்ற குழுவினரோடு போய்ச் சேர்ந்து, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு இருந்தார்.

இரு பேச்சாளர்கள்

மனிக்கேயர் போதனையில் அகுஸ்தினாருக்குப் பல ஐயங்கள் எழுந்தன. கேட்டபோதெல்லாம், ஃபவுஸ்துஸ் வரட்டும், அவர் எல்லாவற்றையும் விளக்குவார் என்றார்கள். ஃபவுஸ்துஸ் அவர்களுடைய ஆயர், பெரும் பேச்சாளர். அவர் ஒருவழியாகக் கார்த்தேஜ் வந்தபோது அகுஸ்தினாருக்கு வயது 29. பேச்சு தேனாக இனித்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு விடை இல்லை. தாகத்தோடு வந்தவன் கையில் அழகான கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் விட்டதுபோல் ஆயிற்று. ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஃபவுஸ்துஸ் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை அகுஸ்தினார் பிற்காலத்திலும் மதித்தார்.

இதன்பின் அகுஸ்தினார் உரோமைக்குச் சென்றார். அங்கே மாணவர்கள் கட்டணம் செலுத்தும் நாள் நெருங்கியதும் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுவார்களாம்! 384ஆம் ஆண்டு, உரோமை நகர ஆளுநர் சிம்மாக்குஸ் அவரை மிலான் நகரின் அரசு நாவன்மை ஆசிரியராகத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். பேரரசர் குடியிருந்த நகர் மிலான். தந்தை கனவு கண்ட ஏணியின் உச்சிக்கு மகன் வந்துவிட்டார்.

அந்நகரின் ஆயர் புனித அம்புரோஸ். அவருடைய மறையுரையைக் கேட்க அகுஸ்தினார் போனார். எதற்காக? ஒரு தச்சர் மற்றொரு தச்சரின் வேலையைப் பார்க்கப் போவதுபோல் போனார். புகழுக்கு ஏற்ற நாவன்மை இவரிடம் உண்டா என்று பார்ப்பதே நோக்கம். பொருளைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. ஃபவுஸ்துஸின் கவர்ச்சி அம்புரோசிடம் இல்லை என்றுகூடக் கணித்தார். ஆனால் நாள்கள் செல்லச் செல்ல, அவர் விரும்பிக் கேட்ட சொற்களோடு சேர்ந்து, அவர் ஒதுக்கித் தள்ளிய பொருளும் உள்ளே நுழைந்துவிட்டது. எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தவர், சொல்வது உண்மை என்பதையும் மெல்ல மெல்ல உணரத் தொடங்கினார்.

ஃபவுஸ்துசிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை. அம்புரோசிடம் சொல் பொருளைச் சுமந்து வந்தது. நல்ல பேச்சு எது என்பதை அகுஸ்தினார் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. இவ்விருவரையும் கேட்டுத்தான் கற்றார்.

பொய்க்குக் கிடைக்கும் பாராட்டு

அரசவைப் பேச்சாளரின் வேலைகளுள் ஒன்று, விழா நாள்களில் பேரரசரைப் புகழ்ந்து உரையாற்றுவது. அப்போது ஆண்டவர் இரண்டாம் வாலந்தீனியன், ஒரு சிறுவர். அவரைப் பற்றிப் பல பொய்களைச் சொல்ல வேண்டும். அவை பொய் என்று தெரிந்தவர்களே கைதட்டுவார்கள். அப்படி ஓர் உரையைத் தயாரித்துக்கொண்டு, மனம் கொதிக்க மிலான் தெருவில் நண்பர்களோடு நடந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிச்சைக்காரரை அகுஸ்தினார் கண்டார். அவர் கண்முன் ஓர் உண்மை வெளிச்சமானது. இந்த மனிதர் வழிப்போக்கர்களை வாழ்த்திச் சில காசு பெற்று மகிழ்ச்சியை வாங்கிவிட்டார். நாமோ பொய் சொல்லிப் புகழைத் தேடுகிறோம். மகிழ்ச்சி மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய போதை இன்றிரவு தெளிந்துவிடும். நம் போதை தெளியவே தெளியாதே!

386ஆம் ஆண்டு மிலான் தோட்டத்தில் நிகழ்ந்ததை நாம் நன்கு அறிவோம். எடுத்து வாசிக்கும்படி அழைத்த ஒரு பிள்ளையின் குரலைக் கேட்டு, புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைத் திறந்தார், மனம் திரும்பினார். ஆயிரக்கணக்கான சொற்களால் மற்றவரை இணங்க வைத்தவரை, இறுதியில் இணங்க வைத்தது ஒரு குழந்தையின் பாட்டுப் போன்ற குரலும், ஒருகாலத்தில் அவர் மூடி வைத்த அதே எளிய நூலும்தான். திராட்சை அறுவடை விடுமுறைக்கு ஏறக்குறைய இருபது நாள்களே இருந்தன. ஆரவாரம் இல்லாமல் அதுவரை பாடம் நடத்திவிட்டு, மார்பு வலியும் இருந்த நிலையில் பதவியை விட்டு விலகினார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருவிழிப்பில், மகன் அதெயோதாத்துசுடனும் நண்பர் அலிப்பியுசுடனும் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

மீனவ நகரின் மறையுரையாளர்

பேச்சை விட்டு ஓடியவரைப் பேச்சு விடவில்லை. ஆப்பிரிக்கா திரும்பி, அமைதியாகச் செபத்திலும் படிப்பிலும் வாழ விரும்பினார். 391ஆம் ஆண்டு ஹிப்போ என்ற துறைமுக நகருக்குச் சென்றபோது மக்கள் அவரைப் பிடித்து, குருவாக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர் அழுதார். அந்நகர ஆயர் வாலேரியுஸ் கிரேக்க மொழிக்காரர். இலத்தீனில் சரளமாகப் பேச இயலாதவர். ஆயர் இருக்கும்போது குரு மறையுரை ஆற்றுவது ஆப்பிரிக்கத் திருச்சபையில் வழக்கம் இல்லை. ஆயினும் வாலேரியுஸ் அந்த வழக்கத்தை மாற்றி, புதிய குருவைப் பேச வைத்தார். தம் குறையை உணர்ந்து, திறமை உள்ளவருக்கு இடம் கொடுத்த அந்த முதிய ஆயரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். சில ஆண்டுகளில் அகுஸ்தினார் ஆயரானார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மறையுரை ஆற்றினார். சுருக்கெழுத்தாளர்கள் எழுதி வைத்த மறையுரைகளுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன.

அரசவையில் முழங்கியவர் மீனவர்களிடமும் கூலிக்காரர்களிடமும் எப்படிப் பேசினார்? அவர்களுக்குப் புரியும்படி பேசினார். இலத்தீனில் வாய்க்கும் எலும்புக்கும் ஏறக்குறைய ஒரே சொல்; உயிரெழுத்தின் நீட்டமும் குறுக்கமும்தான் வேறுபாடு. ஆப்பிரிக்க மக்களின் காதுக்கு அந்த வேறுபாடு கேட்காது. எனவே எலும்பைக் குறிக்க, இலக்கணப்படி பிழையான பேச்சுவழக்குச் சொல்லையே பயன்படுத்தலாம் என்றார். இலக்கணப் புலவர் குறை சொன்னாலும் பரவாயில்லை. மக்களுக்குப் புரிய வேண்டும். உச்சரிப்புப் பிழைக்கு வெட்கப்பட்ட அந்தப் பள்ளிச் சிறுவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் பாருங்கள்!

மறைக்கல்வி கற்பித்துச் சோர்ந்துபோன கார்த்தேஜ் திருத்தொண்டர் ஒருவருக்கு அவர் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். கேட்பவர் நெடுநேரம் நின்று களைத்துக் கொட்டாவி விட்டால் அவரைக் குறை கூறாதே. நாற்காலி கொடுத்து உட்கார வை. முகம் மலர ஏதாவது சொல் என்பது அதிலுள்ள அறிவுரைகளுள் ஒன்று. மறைக்கல்வி ஆசிரியர்களும் அருள்பணியாளர்களாகிய நாமும் இன்றும் படிக்க வேண்டிய நூல் அது.

தங்கச் சாவியும் மரச் சாவியும்

ஏறக்குறைய 396இல் தொடங்கிப் பாதியில் விட்டிருந்த ‘கிறிஸ்தவப் போதனை’ என்ற நூலை, 426ஆம் ஆண்டளவில், எழுபது வயதைக் கடந்தபின் அவர் எழுதி முடித்தார். அதன் நான்காம் பகுதி முழுவதும் பேச்சைப் பற்றியது. சொல்வன்மை தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று என்கிறார். பொய்யர்கள் அதைச் சுவையாகவும் சூடாகவும் பயன்படுத்தும்போது, உண்மையின் பக்கம் நிற்பவர்கள் மட்டும் கேட்பவர் தூங்கும்படி பேச வேண்டுமா என்று கேட்கிறார்.

பேசுபவருக்கு மூன்று கடமைகள் உண்டு என்று சிசெரோ வகுத்திருந்தார்: கற்பிப்பது, மகிழ்விப்பது, செயலுக்குத் தூண்டுவது. அகுஸ்தினார் இதை ஏற்றுக்கொண்டு தெளிவாக்குகிறார். கற்பிப்பது முதல் தேவை. புரியாததை எவரும் ஏற்க முடியாது. மகிழ்விப்பது உணவில் சேர்க்கும் சுவை போன்றது. கேட்பவரைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் கேட்டவர் தாம் அறிந்ததைச் செய்யத் தயங்கும்போதுதான் தூண்டுதல் தேவைப்படுகிறது. பூட்டைத் திறக்காத தங்கச் சாவியால் என்ன பயன்? திறக்கும் என்றால் மரச் சாவியே போதும். இவை எல்லாவற்றுக்கும் முன்னே, பேசப் போகிறவர் முதலில் செபிக்கிறவராக இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்துகிறார்.

இந்நூலில் தம் அனுபவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். 418ஆம் ஆண்டு, திருத்தந்தை சோசிமுஸ் ஒப்படைத்த ஒரு பணிக்காக அவர் மௌரித்தானியாவின் செசரியா நகருக்குச் சென்றார். இன்றைய அல்ஜீரியாவில் செர்செல் என்னும் கடற்கரை நகர் அது. அங்கே ஒரு கொடிய வழக்கம். ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்து, நாள்கணக்கில் கல்லெறிந்து சண்டையிடும். அண்டை வீட்டார் மட்டுமல்ல, அண்ணனும் தம்பியும், தந்தையும் மகனும்கூட எதிரெதிர் அணியில் நிற்பார்கள். உயிர்கள் போகும். முன்னோர் விட்டுச்சென்ற வழக்கம் என்பதால் யாரும் நிறுத்தவில்லை.

அகுஸ்தினார் அவர்களிடம் பேசினார். தம்மிடம் இருந்த வன்மை அனைத்தையும் திரட்டிப் பேசினார். மக்கள் ஆரவாரம் செய்து பாராட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆரவாரம், அவர்களுக்குப் புரிந்தது, பிடித்திருந்தது என்பதை மட்டுமே காட்டியது. பின்னர் அவர்கள் அழத் தொடங்கினார்கள். அப்போதுதான் பேச்சு வென்றது என்று உணர்ந்து, நன்றி செபத்திற்குத் திரும்பினார். அவர் இதை எழுதும்போது எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வூரில் அந்தச் சண்டை மீண்டும் நடக்கவில்லை.

யூனோவின் சினத்தை நடித்துக் கைதட்டல் வாங்கிய அதே திறமைதான் இது. அப்போது அது ஒரு சிறுவனுக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தது. இப்போது தந்தையின் கையிலிருந்த கல்லைக் கீழே போட வைத்தது.

பேசாமல் நின்ற மனிதர்

அன்பிற்குரியவர்களே, இதோடு நாம் நிறுத்திவிட்டால் அது புகழுரையாகிவிடும். அந்த வகைப் பேச்சை வெறுத்தவருக்கு அது ஏற்றதன்று. அதே 418இல், அதே செசரியாவில் நிகழ்ந்த மற்றொன்றையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆப்பிரிக்கத் திருச்சபை நூறு ஆண்டுகளாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. தியோக்கிளேசியன் காலத்துத் துன்புறுத்தலில் திருநூல்களைக் கையளித்தவர்கள் வழங்கும் அருளடையாளங்கள் செல்லாது என்று பிரிந்தவர்கள் தொனாத்து பிரிவினர். தொடக்கத்தில் அகுஸ்தினார் சொல்லை மட்டுமே நம்பினார். கடிதம் எழுதினார், நேருக்கு நேர் பேச அழைத்தார், எளிய மக்கள் பாடிப் புரிந்துகொள்ள அகரவரிசையில் ஒரு பாட்டுகூட இயற்றினார். நம்பிக்கைக்குள் யாரையும் கட்டாயப்படுத்திக் கொண்டுவரக் கூடாது, கொண்டுவந்தால் போலிகளே சேருவார்கள் என்பது அவர் கருத்து.

ஆனால் அப்பிரிவைச் சார்ந்த வன்முறைக் கும்பல்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தாக்கின. 405ஆம் ஆண்டு பேரரசர் ஒனோரியுஸ் அவர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றினார். தம் சொந்த ஊரான தகாஸ்தே உட்படப் பல ஊர்கள் சட்டத்திற்கு அஞ்சி ஒன்றிப்புக்கு வந்து, பின்னர் மனமாரவே நிலைத்துநின்றதை அகுஸ்தினார் கண்டார். தம் கருத்தை மாற்றிக்கொண்டார். விருந்து உவமையில், வழியோரங்களிலும் வேலியோரங்களிலும் இருந்தவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவரும்படி தலைவர் பணித்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 280 பேராகக் கூடி வாதிட்டனர். அரச அதிகாரி மார்செல்லினுஸ் கத்தோலிக்கருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். தொடர்ந்து அபராதமும் ஆலயப் பறிமுதலும் வந்தன. குருக்களைத் தாக்கியவர்களுக்கும் மரண தண்டனை கூடாது என்று அகுஸ்தினார் மன்றாடினார் என்பதும் உண்மை.

செசரியாவில் தொனாத்து பிரிவின் ஆயராக இருந்தவர் எமெரித்துஸ். 411 மாநாட்டில் தம் தரப்புக்காக வாதிட்ட திறமையான பேச்சாளர். இப்போது அவருடைய மந்தை சட்டத்தால் கைமாறிவிட்டது. அகுஸ்தினார் அவரை ஆலயத்திற்கு அழைத்து, மக்கள் முன் பேசும்படி அன்போடும் திரும்பத் திரும்பவும் கேட்டார். எமெரித்துஸ், தாம் உண்மையால் வெல்லப்பட்டாரா, அதிகாரத்தால் அடக்கப்பட்டாரா என்பதை அந்த மாநாட்டின் பதிவுகளே காட்டும் என்னும் பொருளில் ஓரிரு சொற்கள் சொன்னார். பிறகு பேசவில்லை.

ஒரே நகரில், ஒரே பயணத்தில், ஒரே நாவு. கல்லெறிந்த மக்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்தது, ஆனாலும் இணங்கினார்கள். எமெரித்துஸ் முன் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நின்றது. சொல் அவரைத் தொடவில்லை. அகுஸ்தினார் தொடக்கத்தில் கொண்டிருந்த கருத்து இங்கே சரியாக இருந்தது என்றே நாம் சொல்ல வேண்டும். பின்வந்த நூற்றாண்டுகளில், பிரிந்தவர்களைத் தண்டித்தோர் அவருடைய எழுத்தையே துணைக்கு அழைத்தார்கள். 1965 டிசம்பர் 7இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில், உண்மை தன் சொந்த ஆற்றலாலேயே மனத்தை ஆட்கொள்ள வேண்டும் என்று தெளிவாகக் கற்பித்தது. 2000 மார்ச் 12இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மைக்குத் தொண்டாற்றுவதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

நம் நாவு

430ஆம் ஆண்டு வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தினார் நோயுற்றார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுக்கையிலிருந்து வாசித்து அழுதார். மற்றவர் கண்ணீருக்காகப் பேசியவர் இறுதியில் தாமே கண்ணீர் விட்டார். ஆகஸ்ட் 28இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதிய ஆயர் பொசிதியுஸ், அவர் நூல்களைப் படிப்போர் பயன் பெறுகிறார்கள், ஆனால் அவர் மக்களிடையே வாழ்ந்ததைக் கண்டவர்களே அதிகம் பயன் பெற்றார்கள் என்று குறிப்பிடுகிறார்.

நாமும் நாள்தோறும் பிறரை இணங்க வைக்கவே பேசுகிறோம். மகனிடம் படிப்பைப் பற்றி, மகளிடம் திருமணத்தைப் பற்றி, அன்பியக் கூட்டத்தில், பங்குப் பேரவையில், கைபேசியில் அனுப்பும் செய்திகளில், பீடத்தின் முன் நின்று ஆற்றும் மறையுரையில். நாம் சொல்வது உண்மை என்று நமக்குத் தெரியுமா, அல்லது கைதட்டலுக்காக நாமும் அரசரைப் புகழ்கிறோமா? கேட்பவர் முடியாது என்று சொல்ல நாம் இடம் விடுகிறோமா, அல்லது நம் சொல்லுக்குப் பின்னால் கோபமும் பணமும் பதவியும் காவல் நிற்கின்றனவா? நம் வீட்டில் யாராவது எமெரித்துசைப்போல் பேசாமல் நிற்கிறார்களா? அது சம்மதம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோமா?

இவ்வாரம் ஒருவரிடமாவது, அவர் மனத்தை மாற்றப் பேசுவதற்கு முன் அவருக்காகச் செபிப்போம். பிறகு பேசுவோம். பேசி முடித்தபின், அவர் சொல்வதைக் கேட்கவும் காத்திருப்போம். புனித அகுஸ்தினாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.